பணிவும் நீதியும்: வளைகுடா நாடுகளில் கத்தோலிக்க மறைபணி

மறைபணி என்ற சொல்லைக் கேட்டவுடன் தமிழ் வாசகரின் நினைவுக்கு வருபவை முத்துக்குளித்துறையில் சவேரியார் கொடுத்த திருமுழுக்கு, வீரமாமுனிவரின் அகராதி, ஊர்தோறும் எழுந்த பள்ளிகள், மருத்துவமனைகள், அச்சுக்கூடங்கள் ஆகியவையே. இந்தப் பொருளில் பார்த்தால் ஐக்கிய அரபு அமீரகத்திலும் அதன் அண்டை நாடுகளிலும் மறைபணி என்று ஒன்று இருக்கவே முடியாது. அங்கே இஸ்லாமியரிடம் வேறு சமயத்தைப் பரப்புவது சட்டப்படி குற்றம். உள்ளூர்க் குடிமக்களுள் கிறிஸ்தவர்கள் குவைத்திலும் பஹ்ரைனிலும் மட்டும், அதுவும் விரல்விட்டு எண்ணத்தக்க குடும்பங்களாகவே உள்ளனர். ஏனைய விசுவாசிகள் அனைவரும் விசாவில் வந்து, விசா முடிந்ததும் திரும்புகிறவர்கள். ஆயினும் உரோமை இப்பகுதியை மறைபணித் தளம் என்றே இன்றும் வகைப்படுத்துகிறது. மனம் மாற்றும் வேலை இல்லாத இடத்தில் மறைபணிக்கு எஞ்சியிருப்பவை மூன்று: நீதி, அமைதி, பல்சமய உரையாடல். இம்மூன்றும் ஒரே தேரில் பூட்டிய குதிரைகளாகத் திருச்சபை ஆவணங்களில் தோன்றினாலும், வளைகுடாவில் அவை ஒரே வேகத்தில் ஓடவில்லை. உரையாடலுக்குக் கடற்கரைத் தீவில் மாளிகை எழுந்துவிட்டது. அமைதிக்கு ஆவணமும் கிடைத்தது, இரத்தசாட்சிகளும் கிடைத்தனர். நீதியோ இன்னும் வாசலுக்கு வெளியே காத்திருக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வுக்கான காரணங்களை ஆராய்வதற்கு, ஆப்பிரிக்காவில் பல தலைமுறைகளாகத் திரண்ட ஓர் அனுபவத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் பழைய தடயங்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அபுதாபியைச் சேர்ந்த ஸிர் பனியாஸ் தீவில் 1992இல் கண்டறியப்பட்ட துறவுமடமும், உம் அல் குவைனின் சினியா தீவில் 2022இல் அறிவிக்கப்பட்ட இன்னொரு துறவுமடமும் பாரசீகத்தை மையமாகக் கொண்ட கீழைத் திருச்சபை இக்கடற்கரை நெடுக வேரூன்றியிருந்ததைக் காட்டுகின்றன. இஸ்லாம் தோன்றிய பின்னரும் அவை உடனே அழிந்துவிடவில்லை. ஸிர் பனியாஸ் மடம் 8ஆம் நூற்றாண்டு வரை வழக்கில் இருந்திருக்கிறது. அக்காலத்தில் சிரியாக் மொழியில் பேத் கத்ராயே எனப்பட்ட இன்றைய கத்தார்ப் பகுதி, நினிவேயின் ஈசாக்கு என்னும் ஆன்மிக எழுத்தாளரை 7ஆம் நூற்றாண்டில் உலகுக்குத் தந்தது. இந்த வரலாறு இன்றைய அரசுகளுக்குப் பயன்படுகிறது. சகிப்புத்தன்மை இம்மண்ணின் பழைய குணம் என்று சொல்வதற்கு அகழாய்வு சான்றாகிறது. எனினும் அந்தத் திருச்சபைக்கும் இன்றைய வளைகுடாத் திருச்சபைக்கும் இடையே தொடர்ச்சி எதுவும் இல்லை.

இன்றைய திருச்சபையின் தொடக்கம் 19ஆம் நூற்றாண்டின் ஏடன் துறைமுகம். பிரிட்டிஷ் படையில் இருந்த கத்தோலிக்கச் சிப்பாய்களுக்காகத் தொடங்கிய அந்த மறைபணித் தளம், 1875இலிருந்து 1888 வரை எத்தியோப்பிய மலைநாட்டின் கால்லா மறைபணிப் பகுதியோடு இணைக்கப்பட்டிருந்தது. அதாவது அரேபியத் திருச்சபை சில காலம் ஆப்பிரிக்காவின் ஒரு கிளையாகவே ஆளப்பட்டது. 1889இல் அது அரேபிய அப்போஸ்தலிக்க விகாரியேட் ஆயிற்று. விகாரியேட் என்பது முழு மறைமாவட்டமாக வளராத பகுதியைத் திருத்தந்தையின் பெயரால் ஓர் ஆயர் ஆளும் அமைப்பு. இதன் பொறுப்பு கப்புச்சின் துறவியரிடம் ஒப்படைக்கப்பட்டது. அசிசியின் பிரான்சிஸ் தொடங்கிய துறவறக் குடும்பத்தில் 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் எளிமையை வலியுறுத்திப் பிரிந்த கிளை இது. அவர்களுடைய கூர்முனைத் தலைமூடியே அவர்களுக்குப் பெயராயிற்று. 1967இல் ஏடன் விடுதலை பெற்று, மார்க்சிய அரசு அமைந்து, கோயில் சொத்துகள் பறிக்கப்பட்டபின், ஆயரின் இருக்கை 1970களில் அபுதாபிக்கு மாறியது. 2011இல் எல்லைகள் திருத்தப்பட்டு, அமீரகம், ஓமன், ஏமன் மூன்றும் தென் அரேபிய விகாரியேட் என்றும், குவைத், பஹ்ரைன், கத்தார், சவூதி அரேபியா நான்கும் வட அரேபிய விகாரியேட் என்றும் பிரிந்தன.

கோயில்களைக் கொண்டுவந்தது எண்ணெய். பஹ்ரைனின் மனாமாவில் திரு இருதயக் கோயில் 1939 கிறிஸ்துமஸுக்குத் திறக்கப்பட்டது. அப்போது அங்கே எண்ணெய் கிடைத்து ஏழே ஆண்டுகள் ஆகியிருந்தன. அபுதாபியில் ஷேக் ஷக்பூத் கொடுத்த நிலத்தில் புனித யோசேப்பு கோயில் 1965 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. துபாயில் ஷேக் ராஷித் கொடுத்த நிலத்தில் புனித மரியன்னை கோயில் 1967இல் எழுந்தது. 1965 என்ற ஆண்டு கவனிக்கத்தக்கது. அதே ஆண்டு அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிற சமயங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் திருச்சபை மறுக்கவில்லை என்றும், இஸ்லாமியரை மதிப்போடு நோக்குகிறது என்றும் அறிவிக்கும் 'நோஸ்த்ரா ஏத்தாத்தே' என்னும் அறிக்கையை வெளியிட்டது. உரோமை தன் இறையியலை எழுதி முடிப்பதற்கு எட்டு மாதங்களுக்கு முன்பே, எண்ணெய்ப் பணத்தின் முழு வரவை இன்னும் காணாத ஒரு பாலைவன ஆட்சியாளர் தம் கடற்கரையில் கோயிலுக்கு நிலம் கொடுத்திருந்தார். முன்முயற்சி யாருடையது என்ற கேள்விக்கு இந்தக் காலவரிசை ஒரு பதில்.

நிலக்கொடை என்ற இந்தச் செயலே வளைகுடாத் திருச்சபையின் நிலையைத் தீர்மானிக்கிறது. நிலம் ஆட்சியாளருடைய கொடை, கட்டடம் அவருடைய அனுமதி, குருக்களின் தங்குரிமை அரசின் முத்திரை. வெளியே சிலுவையும் மணியோசையும் நாட்டுக்கு நாடு மாறும் விதிகளுக்கு உட்பட்டவை. 2008இல் தோஹாவில் திறக்கப்பட்ட செபமாலை அன்னை கோயிலின் வெளிப்புறத்தில் சிலுவை கிடையாது. சவூதி அரேபியாவில் பொதுக் கோயிலே இல்லை. ஆகவே வழிபாடு முழுவதும் மதிற்சுவருக்குள் நடக்கிறது. துபாயின் ஊத் மேத்தா பகுதியில் உள்ள புனித மரியன்னை வளாகத்தைக் கண்டவர்களுக்கு இந்த மதிலின் பொருள் விளங்கும். வெளியே பேருந்து நிறுத்தமும் டாக்சி வரிசையும். உள்ளே ஆங்கிலம், தகாலோக், மலையாளம், தமிழ், கொங்கணி, அரபு எனப் பூசைக்குப் பின் பூசை. ஒரு மொழிக்காரர் வெளியேறும் அதே கதவில் அடுத்த மொழிக்காரர் நுழைய நிற்பர். வேளாங்கண்ணி மாதாவின் நவநாளும் செப்டம்பர் 8 திருநாளும் இங்கே வளாகத்துக்குள் அடங்கிய விழாக்கள். ஊரில் தேர் நான்கு தெரு சுற்றும். இங்கே மதிலுக்குள் ஒரு சுற்று.

நாள்காட்டியும் விருந்தாளியின் நிலையைச் சொல்லும். அமீரகத்தில் நெடுங்காலம் வெள்ளிதான் விடுமுறை. அதனால் ஞாயிற்றுக்குரிய பூசை வெள்ளியிலேயே தொடங்கிவிடும், ஞாயிறோ வேலை நாள். 2022 ஜனவரியில் அமீரகம் வார விடுமுறையைச் சனி, ஞாயிறு என மாற்றி வெள்ளியை அரை நாளாக்கியபோது, அங்குள்ள கத்தோலிக்கருள் அலுவலக வேலையில் இருப்போருக்கு ஞாயிறு மீண்டும் ஞாயிறாயிற்று. கட்டுமானத் தொழிலாளர்களுக்கும் கடைப் பணியாளர்களுக்கும் வீட்டுப் பணிப்பெண்களுக்கும் அது அவ்வாறு ஆகவில்லை. யாருக்கு எந்த நாள் ஓய்வு என்பதே வளைகுடாவில் வர்க்கத்தின் முதல் அடையாளம் என்பதால், இந்தச் செய்தி பின்னர் மீண்டும் தேவைப்படும்.

இந்த விருந்தாளி நிலைக்கு இறையியல் அடிப்படையைத் தந்தது ஆப்பிரிக்க மண். 1219இல், ஐந்தாம் சிலுவைப் போர் எகிப்தின் டாமியெட்டா நகரை முற்றுகையிட்டிருந்த வேளையில், அசிசியின் பிரான்சிஸ் ஆயுதமின்றிப் போர்க்கோட்டைக் கடந்து சுல்தான் அல் காமிலைச் சந்தித்தார். சந்திப்பில் என்ன பேசப்பட்டது என்பதைவிட, திரும்பிவந்தபின் 1221இல் அவர் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்கு முக்கியமானது. இஸ்லாமியரிடையே செல்லும் சகோதரர்கள் இரு வழிகளில் வாழலாம் என்கிறார் அவர். வாதமோ சச்சரவோ செய்யாமல், கடவுளின் பொருட்டு எல்லா மனிதருக்கும் பணிந்திருந்து, தாம் கிறிஸ்தவர் என்பதை மட்டும் ஒப்புக்கொள்வது முதல் வழி; இறைவனுக்கு விருப்பம் என்று தோன்றும்போது போதிப்பது இரண்டாவது. சிலுவைப் போர்க் காலத்தில் இந்த வரிசைமுறையே ஒரு புரட்சி. இரண்டாவது வழி சட்டத்தால் அடைபட்ட அரேபியாவில், கப்புச்சின்கள் முதல் வழியிலேயே நிலைகொண்டனர். 2019 பிப்ரவரி 5 அன்று அபுதாபியின் ஸாயித் விளையாட்டரங்கில் திருப்பலி நிறைவேற்றிய திருத்தந்தை பிரான்சிஸ், தம் மறையுரையில் எடுத்தாண்டதும் இந்த முதல் வழியையே.

இந்தப் பணிவுக்கு அறிவுத்துறை வடிவம் கொடுத்தவர்கள் வேறு சபையினர். அல்ஜியர்ஸின் பேராயர் லவிஜெரி 1868இல் நிறுவிய ஆப்பிரிக்க மறைபணியாளர் சபை, அவர்களுடைய வெள்ளை அங்கியால் வெள்ளைத் தந்தையர் என அழைக்கப்படுவது. உள்ளூர் உடை, உள்ளூர் உணவு, உள்ளூர் மொழி என்பவை அவர் தம் துறவியருக்கு விதித்த கட்டளைகள். இஸ்லாமியரை அவசரப்பட்டு மனமாற்ற முனைவதையும் அவர் தடுத்தார். அவர்கள் 1926இல் துனிஸில் தொடங்கிய அரபு மொழிப் பயிற்சி நிலையத்திலிருந்து வளர்ந்ததே, 1964இல் உரோமைக்கு மாறி இன்று அரபு, இஸ்லாமிய ஆய்வுகளுக்கான திருத்தந்தையின் கல்வி நிறுவனமாக விளங்குவது. குர்ஆனையும் ஹதீஸையும் எதிர்ப்புக்காக அல்லாமல் புரிதலுக்காக மூல மொழியில் படிக்கும் குருக்களை அந்நிறுவனம் உருவாக்கியது. அதே லவிஜெரி, 1888இல் ஐரோப்பியத் தலைநகரங்களில் அடிமை வாணிபத்துக்கு எதிராகப் பெரும் பரப்புரை நடத்தியவர். அந்த வாணிபத்தின் ஒரு முனை செங்கடலைத் தாண்டி அரேபியாவிலும், முத்துக்குளிப்புக்கு ஆள் தேடிய வளைகுடாத் துறைமுகங்களிலும் முடிந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. அரேபியாவில் சட்டப்படி அடிமைமுறை ஒழிந்த ஆண்டுகளைப் பார்த்தால், பஹ்ரைனில் 1937, கத்தாரில் 1952, சவூதி அரேபியாவில் 1962, ஓமனில் 1970. ஆக, ஆப்பிரிக்காவில் பணியாற்றிய இச்சபைக்கு உரையாடலும் நீதியும் பிறப்பிலேயே இரட்டைப் பிள்ளைகள். இன்றும் அவர்கள் நீதி, அமைதி, படைப்பின் நலன், சந்திப்பு, உரையாடல் என்ற எல்லாவற்றையும் ஒரே பணிப்பிரிவின்கீழ் நடத்துகிறார்கள்.

சூடானைத் தளமாகக் கொண்ட தானியேல் கொம்போனியின் குடும்பம் இன்னும் நேரடியாக வளைகுடாவுக்குள் வந்தது. 1872இல் அவர் வெரோனாவில் ஆப்பிரிக்காவுக்கென்றே தொடங்கிய கொம்போனி அருள்சகோதரியர், 1968 முதல் துபாயின் புனித மரியன்னை கத்தோலிக்கப் பள்ளியை நடத்திவருகின்றனர். எகிப்திலும் சூடானிலும் பணியாற்றிய கொம்போனித் துறவி கமில்லோ பல்லின், 2005இல் குவைத்தின் ஆயராகி, 2011 முதல் 2020இல் இறக்கும்வரை வட அரேபியாவை வழிநடத்தினார். பஹ்ரைன் மன்னர் அவருக்குக் குடியுரிமை வழங்கினார். அரேபியத் திருச்சபையின் ஆயர்கள் அனைவரும் விசாவில் தங்குபவர்கள் என்ற நிலையில் இது அரிய விதிவிலக்கு. அவாலியில் மன்னர் அளித்த நிலத்தில் எழுந்த அரேபிய அன்னை பேராலயம் அவருடைய கனவு. 2021 டிசம்பரில் அது திறக்கப்பட்டபோது அவர் இல்லை. இன்னொரு கொம்போனியரான ஸ்பெயின் நாட்டு மிகுவேல் ஆங்கெல் அயுசோ, எகிப்திலும் சூடானிலும் இருபது ஆண்டுகள் வாழ்ந்து, மேற்சொன்ன உரோமைக் கல்வி நிறுவனத்தின் தலைவராகி, 2012இல் வத்திக்கானின் பல்சமய உரையாடல் அவையின் செயலரானார். 2019இல் அதன் தலைவரும் கர்தினாலும் ஆனார். கெய்ரோவின் அல் அஸ்ஹர் பல்கலைக்கழகத்தோடு முறிந்திருந்த உறவை மீட்டெடுப்பதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த உறவு சீராகாமல், அடுத்துக் காணவிருக்கும் 2019ஆம் ஆண்டின் அபுதாபி ஆவணம் பிறந்திருக்காது. 2024 நவம்பரில் அவர் மறைந்தார். ஆவணம் கையெழுத்தான அபுதாபிச் சந்திப்பைப் பற்றி எழுதுவோர் மேடையில் அமர்ந்த திருத்தந்தை, தலைமை இமாம் இருவரையே நினைவில் வைக்கின்றனர்; கார்ட்டூமிலும் கெய்ரோவிலும் மொழி பயின்ற இந்தத் துறவியரின் பொறுமைக்கு அதில் இடம் கிடைப்பதில்லை.

2019 பிப்ரவரி 4 அன்று கையெழுத்தான 'உலக அமைதிக்கும் ஒன்றிணைந்த வாழ்வுக்குமான மனித உடன்பிறந்த நிலை' ஆவணம், ஒரு திருத்தந்தையும் அல் அஸ்ஹரின் தலைமை இமாமும் சேர்ந்து ஒப்பமிட்ட முதல் உரை. அகமது அல் தய்யிபும் திருத்தந்தை பிரான்சிஸும் கடவுளின் பெயரால் வன்முறை செய்வதைக் கண்டித்ததோடு, சிறுபான்மையினர் என்ற சொல்லுக்கு மாற்றாகச் சம உரிமைகொண்ட குடிமை என்ற கருத்தை முன்வைத்தனர். இதில் ஒரு முரண் உண்டு. ஆவணம் பிறந்த நாட்டில் மக்கள்தொகையின் பெரும்பங்கினர் குடிமக்களே அல்லர்; எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் குடிமை என்பது அவர்கள் எதிர்பார்க்கும் ஒன்றன்று. ஆவணத்தின் பின்விளைவுகள் விரைவாகவே வந்தன. அதை நடைமுறைப்படுத்த அதே ஆண்டு உயர்மட்டக் குழு அமைந்தது. 2020 டிசம்பரில் ஐ.நா. பொதுப்பேரவை பிப்ரவரி 4ஐ உலக மனித உடன்பிறந்த நிலை நாளாக அறிவித்தது. சாதியாத் தீவில் ஆபிரகாமியக் குடும்ப இல்லம் 2023 பிப்ரவரியில் திறப்புவிழா கண்டது. ஆப்பிரிக்க வேர்கொண்ட கட்டடக் கலைஞர் டேவிட் அட்ஜாயே வடிவமைத்த அந்த வளாகத்தில் மூன்று கனசதுரங்கள் ஒரே அளவில் நிற்கின்றன. மசூதி மக்காவை நோக்கியும், தேவாலயம் கிழக்கு நோக்கியும், யூதத் தொழுகைக்கூடம் எருசலேமை நோக்கியும் திரும்பியிருப்பதால், மூன்றின் அளவும் ஒன்றாயிருந்தும் முகம் ஒன்றாயில்லை. தேவாலயம் அசிசியின் பிரான்சிஸின் பெயரைத் தாங்குகிறது. கலப்பில்லாமல் அருகருகே இருத்தல் என்ற கருத்தைக் கல்லில் இதைவிடத் தெளிவாகச் சொல்வது கடினம். எனினும், இதற்கு முன்பே 2017இல் அபுதாபியின் முஷ்ரிஃபில், புனித யோசேப்பு பேராலயத்துக்குப் பக்கத்து மசூதிக்கு 'மர்யம் உம் ஈசா', அதாவது இயேசுவின் தாய் மரியா என்று பெயர் மாற்றினார்கள். மாளிகையைக் காணச் சுற்றுலாப் பயணி போவார். பூசை முடிந்து வெளியே வரும் தொழிலாளி தினமும் காண்பது அந்தப் பெயர்ப்பலகையை. உரையாடல் என்று எதையாவது சுட்ட வேண்டுமானால் இந்தப் பலகையைச் சுட்டுவதே பொருத்தம்.

இந்த ஆவணங்களுக்கும் மாளிகைகளுக்கும் தெற்கே, அதே தென் அரேபிய விகாரியேட்டின் எல்லைக்குள், ஏமன் போரில் எரிந்துகொண்டிருந்தது. அன்னை தெரேசாவின் அன்புப் பணியாளர் சபையினர் 1973 முதல் அங்கே முதியோரையும் கைவிடப்பட்டோரையும் பராமரித்து வந்தனர், பராமரிக்கப்பட்டோர் இஸ்லாமியரே. 1998இல் ஹொதைதாவில் மூன்று சகோதரிகள் சுட்டுக் கொல்லப்பட்டும் சபை வெளியேறவில்லை. 2016 மார்ச் 4 அன்று ஏடனிலிருந்த முதியோர் இல்லத்துக்குள் நுழைந்த ஆயுததாரிகள் நான்கு சகோதரிகளையும் அவர்களோடு பணியாற்றிய பன்னிருவரையும் கொன்றனர். சகோதரிகளுள் இருவர் ருவாண்டா நாட்டினர், ஒருவர் கென்யர், ஒருவர் இந்தியர். இறந்த ஏனையோருள் எத்தியோப்பியரும் ஏமன் நாட்டு இஸ்லாமியரும் இருந்தனர். அன்று கடத்தப்பட்ட கேரளத்துச் சலேசிய குரு டாம் உழுன்னாலில், ஓமன் அரசின் உதவியால் 2017 செப்டம்பரில் விடுவிக்கப்பட்டார். ஆப்பிரிக்காவுக்கு மறைபணியாளர் போன காலம் மாறி, ஆப்பிரிக்கப் பெண்கள் அரேபியாவுக்கு மறைபணியாளராக வந்து, போதிக்க ஒரு சொல்லும் சொல்லாமல், இஸ்லாமிய முதியவர்களுக்குப் பணிவிடை செய்துவந்த இடத்திலேயே கொல்லப்பட்டார்கள். அசிசியார் எழுதிய முதல் வழியின் எல்லை இதுதான். அமைதி பற்றி அபுதாபியில் பேசிய திருத்தந்தை ஏமன் போரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். அந்தப் போரில் பங்கெடுத்திருந்த கூட்டணியில் விருந்தளித்த நாடும் ஒன்று என்பதால் அச்சொல் வெறும் மரியாதைச் சொல்லாக இல்லை.

நீதிக்கு வரும்போதுதான் பணிவு என்ற அந்த முதல் வழி தடுமாறுகிறது. அதே 2019 பிப்ரவரி 4 உரையில் திருத்தந்தை, கல்வியும் நீதியுமே அமைதியின் இரு சிறகுகள் என்றார். தன் குடும்பத்தாருக்கும் தன் நாட்டவருக்கும் தன் சமயத்தவருக்கும் மட்டும் வழங்கப்படும் நீதி நொண்டி நீதி, மறைமுக அநீதி என்றும் சொன்னார். கேட்டோர் யாரைக் குறித்து இது சொல்லப்பட்டது என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. வளைகுடாவில் அயல்நாட்டுத் தொழிலாளியின் வாழ்வை ஆள்வது கஃபாலா என்னும் பொறுப்பேற்பு முறை. தொழிலாளியின் தங்குரிமை ஒரு குறிப்பிட்ட முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டிருக்கும். அந்த முதலாளியே கஃபீல். தமிழ்த் தொழிலாளிகள் வாயில் அவர் 'கபில்' அல்லது 'அர்பாப்'. அமீரகத்தில் 'பத்தாக்கா', சவூதியில் 'இக்காமா' என்ற அட்டை கையில் இருக்கும்வரை மனிதன். வேலையை விட்டு ஓடியவர் என அர்பாப் புகார் கொடுத்துவிட்டால் அவர் சட்டவிரோதி. பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்வது சட்டப்படி தவறு என்றாலும் வழக்கத்தில் ஒழியவில்லை. ஊரில் ஏஜென்டுக்குக் கொடுத்த பணம் வட்டிக்கு வாங்கியது. அந்தக் கடன் தீரும் முன் தொழிலாளர் கேம்பைவிட்டுத் திரும்புவது முடியாத காரியம். எப்போதாவது அரசு அறிவிக்கும் பொதுமன்னிப்புக் காலத்தில், அவுட்பாஸ் என்னும் வெளியேறும் அனுமதி எடுத்து ஊர் திரும்ப வரிசையில் நிற்பவர்களின் கதைகள் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைப் பங்குகளுக்கும் இராமநாதபுரத்துக்கும் புதியவை அல்ல.

நிலைமை மாறவே இல்லை என்பதும் சரியன்று. அமீரகம் 2009இல் சம்பளத்தை வங்கி வழியாகச் செலுத்தக் கட்டாயப்படுத்தும் ஊதியப் பாதுகாப்பு முறையைக் கொண்டுவந்தது. கோடை மாதங்களில் நண்பகல் 12.30 முதல் 3 மணிவரை வெயிலில் வேலை வாங்குவதைத் தடை செய்கிறது. கத்தார் 2020இல், வேலை மாற முதலாளியின் தடையின்மைச் சான்று வேண்டும் என்ற விதியை நீக்கி, 2021 மார்ச்சிலிருந்து எல்லா நாட்டவருக்கும் 1,000 ரியால் குறைந்தபட்ச ஊதியத்தை நடைமுறைப்படுத்தியது. இவற்றைக் கொண்டுவர அழுத்தம் கொடுத்தோர் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும், தொழிற்சங்கக் கூட்டமைப்புகளும், மனித உரிமை அமைப்புகளும், உலகக் கோப்பைக் கால்பந்தின் வெளிச்சமும் ஆகும். இந்தப் பட்டியலில் வளைகுடாத் திருச்சபையின் பெயர் இல்லை. பிலிப்பீன்ஸிலும் தென் அமெரிக்காவிலும் தொழிலாளர் பக்கம் நின்று அரசுகளை எதிர்த்த அதே திருச்சபைதான் இங்கே வாய்மூடியிருக்கிறது.

இந்த மௌனத்தைக் கோழைத்தனம் என்று ஒதுக்குவது எளிது, நியாயமன்று. அமீரகத்தில் தொழிற்சங்கமும் வேலைநிறுத்தமும் சட்டத்துக்குப் புறம்பானவை. துபாயின் 2015ஆம் ஆண்டு ஆணை எண் 9, அனுமதி பெறாமல் நன்கொடை திரட்டுவதைத் தடை செய்கிறது. ஊதியம் கிடைக்காத ஒரு தொழிலாளியின் விமானச் சீட்டுக்காகக் கோயில் வாசலில் துண்டேந்துவதுகூட வழக்குக்கு இடமாகலாம். குருவும் ஒரு கஃபாலாவின்கீழ்தான் இருக்கிறார். ஒரு பகிரங்க அறிக்கையின் விலை பல லட்சம் பேரின் பூசை என்று ஆயர்கள் கணக்கிடுவதைப் புரிந்துகொள்ள முடிகிறது. அமீரகத்தின் கத்தோலிக்கர் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் என்பது 2019 பயணத்தின்போது சொல்லப்பட்ட மதிப்பீடு.

ஆனாலும் கேள்வி தீரவில்லை. தன்மீது விழும் அடிக்குப் பணிவது பிரான்சிஸ்கன் அறம். பூட்டிய வீட்டுக்குள் இருக்கும் பணிப்பெண்மீது விழும் அடிக்கு அவள் சார்பில் பணிவதற்கு அந்த அறம் யாருக்கும் உரிமை கொடுக்கவில்லை. 1221இன் ஒழுங்கு, பணிகிறவரும் துன்புறுகிறவரும் ஒருவரே என்ற அனுமானத்தில் எழுதப்பட்டது. வளைகுடாவில் அவர்கள் இருவர். லவிஜெரியின் மரபு உரையாடலையும் நீதியையும் பிரிக்காமல் வைத்திருந்ததற்குக் காரணமும் இதுவே. இஸ்லாமியரின் சமயத்தை மதிப்போடு படித்த அதே மனிதர்தான் அடிமை வாணிபத்தை மேடையேறிக் கண்டித்தார். அரேபியாவுக்கு வந்தபோது அந்த மரபின் ஒரு கை மட்டுமே வந்து சேர்ந்தது. இன்று எத்தியோப்பியாவிலிருந்தும் கென்யாவிலிருந்தும் உகாண்டாவிலிருந்தும் பெண்கள் வளைகுடா வீடுகளுக்கு வேலைக்கு வருகிறார்கள். அவர்களுக்கு நேர்ந்த கொடுமைகளைக் கண்டு 2013இல் எத்தியோப்பிய அரசு தன் பெண்கள் வளைகுடா வீட்டுவேலைக்குச் செல்வதையே ஐந்தாண்டுகள் தடை செய்திருந்தது. சூடானில் அடிமையாக விற்கப்பட்டுப் பின்னர் துறவியான ஜோசபீன் பக்கீத்தா 2000இல் புனிதராக உயர்த்தப்பட்டார். அவருடைய நினைவுநாளான பிப்ரவரி 8, 2015 முதல் ஆள்கடத்தலுக்கு எதிரான செப நாளாகத் திருச்சபையில் கடைப்பிடிக்கப்படுகிறது. மனித உடன்பிறந்த நிலை நாளுக்கும் அதற்கும் இடையே நான்கே நாள்.

வெளிப்படையாகப் பேசும் உரிமை விருந்தாளியைவிட வருகையாளருக்கு அதிகம் என்பதைத் திருத்தந்தை பிரான்சிஸே காட்டினார். 2022 நவம்பர் 3 அன்று பஹ்ரைனின் சகீர் அரண்மனையில் ஆட்சியாளர் முன்னிலையில், மனிதத் தன்மையைப் பறிக்கும் வேலை முறைகளைப் பற்றியும், பாதுகாப்பான, மாண்புள்ள பணிச்சூழல் எல்லோருக்கும் உரியது என்பதைப் பற்றியும் பேசினார். மரண தண்டனையையும் தொட்டார். மூன்று நாள் கழித்து அவர் விமானம் ஏறிவிட்டார். உள்ளூர்க் குருக்கள் அங்கேயே இருக்கிறார்கள். இந்த வேலைப் பிரிவினை இப்போதைக்குத் தவிர்க்க முடியாதது என்றே தோன்றுகிறது, ஆனால் அது முறையாகத் திட்டமிடப்பட்டதாகத் தெரியவில்லை. வளைகுடாவில் பேச முடியாததை, ஆள் அனுப்பும் மறைமாவட்டங்கள் பேசலாம். கோட்டாற்றிலும் தூத்துக்குடியிலும் சிவகங்கையிலும் ஏஜென்டின் பெயரும் ஒப்பந்தத்தின் வாசகமும் பயணத்துக்கு முன்பே சரிபார்க்கப்படுமானால், பாதி வழக்குகள் துபாயில் பிறக்கவே மாட்டா. ஊரில் அதைச் செய்ய எந்த அர்பாபின் அனுமதியும் தேவையில்லை.

இதற்கிடையே நீதிப்பணி என்ற பெயரில்லாமல் ஒரு நீதிப்பணி நடந்துவருகிறது. மொழிக் குழுக்களே அதன் கருவி. தமிழ்க் குழுவில் பாடகர் குழுவும் மறைக்கல்வி வகுப்பும் அன்பியக் கூட்டமும் தவிர, யாருக்கு மூன்று மாதம் சம்பளம் வரவில்லை, யாருக்குத் தூதரகத்தில் படிவம் எழுதத் தெரியவில்லை, யாருடைய உடல் பிணவறையில் காகிதத்துக்காகக் காத்திருக்கிறது என்ற செய்திகள் பூசைக்குப் பின் நிழலில் நின்று பேசப்படுகின்றன. தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகும் வழியை, முன்பு போய்வந்தவர் சொல்லித்தருவார். அவர் கத்தோலிக்கராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. கேம்பில் பக்கத்துக் கட்டில்காரர் கீழக்கரை இஸ்லாமியராக இருக்கலாம், தஞ்சை இந்துவாக இருக்கலாம். பல்சமய உரையாடல் பற்றிய மாநாடுகளில் இந்தக் கட்டில் அறை ஒருபோதும் குறிப்பிடப்படுவதில்லை. எட்டுப் பேர் ஒரே அறையில், ஒருவர் நோன்பு திறக்க மற்றவர் சமைத்துக் கொடுத்துப் பழகிய அந்த உடன்பிறந்த நிலைக்கு யாரும் ஒப்பமிட்டதில்லை.

2019 பிப்ரவரி 5 செவ்வாய்க்கிழமை, திருத்தந்தையின் திருப்பலிக்கு அனுமதிச் சீட்டு வைத்திருந்த தனியார்துறைத் தொழிலாளர்களுக்கு அமீரக அரசு விடுமுறை அளித்தது. சுமார் 1,80,000 பேர் கூடியதாகக் கணக்கிடப்பட்டது. வீட்டுப் பணியாளருக்கு வாரம் ஒரு நாள் ஊதியத்துடன் ஓய்வு உண்டு என்பது அதற்கு முன்பே, 2017ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் எண் 10இல் எழுதப்பட்டுவிட்டது. அந்த ஒரு நாளில் வீட்டுக் கதவு திறக்கிறதா என்பதை இன்றும் வீட்டுக்காரரே முடிவு செய்கிறார்.